எஃப்.சி.க்குப் போன புளியங்கட்டை

"மிதி... மிதி... மிதி... புடி! அப்டியே புடிச்சிக்கோ. ம்ம்... உடு."

காலையிலிருந்து இதே பாட்டு. ஒடுகத்தூர் ஷெட்டில் எங்கள் கார் நாலு பக்கமும் ஜாக்கியும் செங்கல்லும் தாங்க நின்றிருந்தது. நான் டிரைவர் சீட்டில், வலது கால் பிரேக் பெடல் மேல். மெக்கானிக் பாய் காருக்கு அடியில். அவருடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் வேறு வழியில்லை. மேலே ஒருத்தன் மிதிக்க வேண்டும், கீழே ஒருத்தர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் திருகைத் தளர்த்த வேண்டும், ஆயில் புஸ்ஸென்று நுரையோடு வரும். நுரை இல்லாமல் வந்தால் காற்று தீர்ந்தது என்று அர்த்தம். தீரவேயில்லை.

நான் பிசிக்ஸ் படித்தவன். எங்கள் ஊரில் டிகிரி வாங்கிய முதல் ஆள். சும்மா இருக்க முடியுமா? "பாய், திரவத்த அழுத்த முடியாது, காத்த அழுத்தலாம். அதனாலதான் பெடலு பஞ்சு மாதிரி உள்ள போவுது" என்றேன்.

காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "கரெக்டா சொன்ன வாத்யாரே. மிதி."

மிதித்தேன். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அப்பா ஷெட் வாசலில் ஒரு மொட்டை டயர் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த டயர்தான் அவர் ஆசனம். பேச்சும் அந்த டயர் மாதிரிதான், காற்று இல்லை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, டாக்சி பர்மிட். எங்கள் ஜவ்வாது மலையில் காட்டு மரம் வெட்டும் கூப்புக் குத்தகை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒருவரிடம் அப்பா டிரைவராக இருந்தார். கூப்பு முடிந்து அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது இதை எடுத்துப்போக மனசில்லாமல், வெட்கப்பட்டு என்றும் சொல்லலாம், அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்போதே அது கிழம். பின் சீட்டுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து ஓட்டை. அதன் வழியாக ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ரோடு உள்ளே வந்து நம்மைப் பார்க்கும். ஆனாலும் மலையிலிருந்து ஒடுகத்தூர் சந்தைக்கு ஆளும் மூட்டையும் இறக்க அதுதான் எங்களுக்கு. பஸ் ஒன்று உண்டு. வந்தால் வந்தது.

காரில் ஏறுவதற்கு முன்பு அப்பா ஒடுகத்தூர் புளி மண்டியில் மூட்டை தூக்கினவர். அவர் கழுத்துக்குப் பின்னால் ஒரு காய்ப்பு இருக்கிறது, இன்னும் கரையவில்லை. அந்த மண்டி முதலாளிக்கு அப்பா என்றால் இன்றைக்கும் மூட்டை தூக்குகிறவர்தான், நடுவில் கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்கப் போனவர், அவ்வளவுதான்.

அந்த வருஷம் எஃப்.சி. முடிந்தது. வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரே, அது. முந்தைய வருஷங்களில் எப்படிப் பாஸானது என்று நான் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. இந்த வருஷம் புது இன்ஸ்பெக்டர், கறார் பேர்வழி, வண்டியை நிஜமாகவே ஓட்டிப் பார்க்கிறார் என்று மலையடிவாரம் முழுக்கப் பேச்சு. பாஸாகவில்லையென்றால் கார் காயலான் கடைக்கு, அப்பா மண்டிக்கு. நடுவில் வேறு கதவு எதுவும் இல்லை. என் டிகிரியை நம்பி யாரும் உலை வைக்கவில்லை, நான் உட்பட.

மண்டி முதலாளி ஒரு நாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை.

"இன்னாபா, இன்னும் உயிர் கீதா இதுக்கு?" என்று காரின் பானெட்டில் குடையால் தட்டினார். துரு கொட்டியது.

அப்பா டயரிலிருந்து எழுந்து நின்றார். எனக்கு அதுதான் எரிந்தது.

"பிரேக்கு வேல நடக்குதுங்க. அடுத்த வாரம் காட்றோம்."

"காட்டு காட்டு. காட்டிட்டு நேரா மண்டிக்கு வந்துடு. புளி சீசன் வருது, எனக்கும் ஆளு வோணும். ஒன் தோளு இன்னும் கெட்டியாத்தான கீது?"

"எங்கப்பா தோளு கெட்டியாத்தான் இருக்குது, ஒங்க குடைதான் கிழிஞ்சிருக்குது" என்றேன் நான். கிழிந்துதான் இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளய நல்லா படிக்க வெச்சிருக்க."

அவர் போனபிறகு அப்பா மறுபடி உட்கார்ந்தார். கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டார். "வாய அடக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு நாலு சக்கரம் போதாது, ஒரு கட்டையும் வேண்டும். புளியமரத்தில் வெட்டிச் செதுக்கிய முக்கோணக் கட்டை, தூக்க வசதியாக ஒரு கயிற்றுப் பிடி. காரில் இடது பக்கப் பின்கதவு ஓரம் உட்காருகிறவர் மடியில் அது இருக்கும். எங்கள் கார் பிரேக் எப்படியென்றால், மிதித்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மனசு மாறி ஒரு கட்டத்தில் பிடிக்கும். அதை நம்பி மேட்டில் நிற்க முடியாது. அதனால் ஏற்றத்தில் யாரையாவது ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால், அப்பா கியரைக் குறைத்துக் குறைத்து வண்டியைத் திணற விடுவார். நிற்பதற்கு ஒரு மூச்சு முன்னால் பின்கதவு திறக்கும். கட்டைக்காரர் குதிப்பார். சக்கரத்துக்குப் பின்னால் டொக்கென்று சத்தம். அந்த டொக் கேட்டதும் அப்பா காலை எடுப்பார். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கட்டை சீட்டுக்கு டிக்கெட் கிடையாது என்பது ஊர் வழக்கம். அதனால் அந்த இடத்துக்கு எப்போதும் அடிதடி. அத்தை வந்துவிட்டால் மட்டும் எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள்.

அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் உண்டு. சாமையும் சீத்தாப்பழமும் கட்டிக்கொண்டு சந்தைக்கு இறங்குவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடும் காரிலிருந்து அவள் குதிப்பதைப் பார்த்தால், நம் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயெல்லாம் சும்மா. கட்டைக்கு ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங்குக்கு வைப்பதற்கு முன்னாலேயே அவள் பொட்டு வைத்துவிடுவாள். கார் ஷெட்டில் கிடந்த நாளெல்லாம் தலைச்சுமையோடு நடந்தே இறங்கினாள். இறங்கி நேராக ஷெட்டுக்கு வந்து பாயைத் திட்டிவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள்.

"இன்னா பாய், காரு ரிப்பேர் பண்றியா, இல்ல அடியில படுத்துத் தூங்கறியா?"

"அக்கா, சாமான் வேலூர்லேந்து வரணும். இன்னிக்கி வந்துடும்."

"போன சந்தைக்கும் இன்னிக்கின்னுதான் சொன்ன. ஒங்க ஊர்ல இன்னிக்கி எத்தினி நாளுக்கு ஓடும்?"

சாமான் ஒருநாள் வந்தது. ரப்பர் வாஷர் வந்தது, சைஸ் தப்பு. சரியான சைஸ் வந்தது, அப்போது பாய் ஊரில் ஒரு கல்யாணம். கல்யாணம் முடிந்தது, ஷெட்டில் கரண்ட் இல்லை. இதற்கு நடுவில் தகர ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து... தேய்த்தது யார்? பிசிக்ஸ். என் நகக்கண்ணெல்லாம் பட்டி மாவு, அதன்மேல் புதுப் பெயிண்ட். வைப்பர் ஓடினால் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரனைச் சரிபண்ணினால் இடது பக்க இண்டிகேட்டர் செத்தது. தினமும் சாயங்காலம் ஒன்று சரியாகி ஒன்று கெட்டிருக்கும். அப்பாவும் நானும் அடிவாரம் வரை பஸ்ஸிலும் மீதி மலை நடந்தும் ஏறி வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்று விழுவோம். ஏறும்போது பேச்சே இருக்காது. ஒரு தடவை மட்டும் அப்பா நின்று, "மண்டிக்கின்னா இந்த மேடு ஏறியே தெனம் வரணும், இல்ல?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, மேட்டைக் கேட்டாரா தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

அந்தக் கடைசி நாள் மிதியில் ஒரு வழியாக நுரை நின்றது. பெடல் காலுக்கடியில் கெட்டியாக எதிர்த்தது, செங்கல்லை மிதித்த மாதிரி. பாய் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப போயி செவுத்துல முட்டச் சொன்னாக்கூட முட்டாது" என்றார். ஷெட் முன்னாலிருந்த ரோட்டில் ஓட்டி மிதித்துக் காட்டினார். கார் அப்படியே நின்றது. எங்கள் கார் அந்த மாதிரி நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. அப்பா மெதுவாகச் சிரித்தார். அந்த மாசத்திலேயே அவர் சிரித்தது அதுதான்.

மறுநாள் விடிகாலை ஷெட்டிலிருந்தே வேலூருக்குக் கிளம்பினோம். அத்தை கூடையோடு வந்து இடது பக்கப் பின்கதவைத் திறந்து ஏறினாள். காலடியில் கட்டை.

"அத்த, அது எதுக்கு? பிரேக்கு புடிக்குது இப்ப. அங்க அந்தக் கட்டையப் பாத்தா இன்ஸ்பெக்டரு சந்தேகப்படுவாரு."

"கட்ட இல்லாம இந்தக் காரு எங்கடா போயிருக்குது?"

"வேலூரு தரை. மேடே கெடயாது."

"மேடு இல்லாத ஊரு ஒண்ணு கீதா? போடா. நீ படிச்சதே ஒரு மேட்டு மேல இருக்கிற காலேஜிலதான்."

கெஞ்சிப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணாடி வழியாகக் கட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டா, அடியில வெச்சி துணி போட்டு மூடிக்க" என்றார். மூடினேன். சாமைப் பை ஒன்றையும் அதன்மேல் வைத்தேன். மேலே அத்தை காலை வைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் மைதானத்தில் லாரி வரிசை, வேன் வரிசை, எங்களுக்கு முன்னால் புதுப் பெயிண்ட் வாசனையில் டாக்சிகள். மரம் கிடையாது. அடித்த வெயிலுக்கு பானெட்டில் இட்லி வேகும். எங்கள் முறை வந்தபோது அத்தை பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தாள். இன்ஸ்பெக்டர் காக்கியில் வியர்வை கோடு கோடாக. அவரும் களைத்துத்தான் இருந்தார். விளக்கு, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொன்னார். எல்லாம் எரிந்தது, அடித்தது, ஓடியது. எனக்கே ஆச்சரியம். குனிந்து அடியில் பார்த்தார், ஒட்டுப் போட்ட இடத்தைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ இறங்கு" என்றார் என்னிடம். பின்னால் பார்த்தார். "அந்தம்மா தூங்கட்டும். கொஞ்சம் வெயிட்டு இருந்தா நல்லதுதான். எடுய்யா. அதோ அந்த ஏரிக்கரை மேட்டுல ஏத்தி, பாதியில நிறுத்து."

மேடு. அத்தை சொன்ன மேடு.

நான் மைதானத்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஏறியது. அப்பா கியரைக் குறைத்தார். சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம்பா, பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி என்று எனக்குள் கத்தினேன். என்னுடைய வலது கால் மண்ணை மிதித்தது. கார் திணறியது. இன்ஜின் அந்தப் பழைய மலைக் குரலில் முனகியது. இடது பக்கப் பின்கதவு திறந்தது.

அத்தை தூக்கத்திலேயே குதித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், கண் பாதிதான் திறந்திருந்தது. சாமைப் பை ரோட்டில் உருள, துணி பறக்க, புளியங்கட்டை பின் சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தது. டொக். அந்த டொக் கேட்டதும் அப்பா, பல வருஷப் பழக்கம், இரண்டு காலையும் எடுத்துவிட்டார்.

கார் கட்டையில் சாய்ந்து நின்றது. அப்புறம் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் வந்து கட்டையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை அப்போதுதான் முழுசாக விழித்து, இது எந்த ஊர் என்பது போல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரேக் மிதிச்சியாய்யா?"

"இல்லீங்க."

"ஏன் மிதிக்கலை?"

"கட்ட வுழுந்துடுச்சிங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "கட்டை வெச்சு நிறுத்தற வண்டியைக் கொண்டுவந்து எங்கிட்டயே எஃப்.சி. கேக்கறியா? எடுத்துட்டுப் போய்யா."

 அப்பாவின் கை கழுத்துக்குப் பின்னால் போனது.

எனக்கு அதைப் பார்த்ததும் வாய் திறந்துகொண்டது. "சார், பிரேக்கு பக்காவா இருக்குது சார். மாஸ்டர் சிலிண்டர் புதுசு, லைனிங் புதுசு, காத்து எடுத்தவனே நான்தான் சார், என் காலப் பாருங்க, வீங்கியிருக்குது. இவங்க ரெண்டு பேருக்கும்தான் பிரேக்கு இருக்கறதே மறந்துபோவுது. நீங்களே ஓட்டிப் பாருங்க சார். புடிக்கலன்னா இங்கயே உட்டுட்டு நடந்து போறோம்."

"ஏன்டா, நடக்கறதா? நான் நடக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் வாயோரம் ஏதோ துடித்தது. அடக்கிக்கொண்டார். "சாப்பிட்டு வந்து பாக்கறேன். ஓரமா நிறுத்துங்க" என்று போய்விட்டார்.

அவர் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்ற லாரிகளையெல்லாம் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருந்தோம். கார் நிழலில் மூன்று பேர். கார் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். அத்தை சிந்திய சாமையை மண்ணோடு அள்ளி முந்தானையில் புடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "ஏன்டா தம்பி, நான் தூங்காம இருந்திருக்கணும்" என்றாள். அப்பா, "நீ தூங்கினதால இல்லக்கா. சத்தம் கேட்டதும் நானும் காலை எடுத்துட்டேனே" என்றார்.  யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லத் தெம்பு வேண்டாமா?

மூன்றாம் ஷிப்டு ஆள் மாதிரி நடந்து வந்தார் இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் வெளியே. கட்டை அத்தை இடுப்பில். கார் மேட்டில் சீறிக்கொண்டு ஏறி, பாதியில் நச்சென்று நின்றது. பின்னால் ஒரு விரல் தூரம்கூட உருளவில்லை. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. இறங்கி வந்து, "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ ஏமாந்தவர் போல. "ஆனா ஓட்டப் போறது நான் இல்லையே. நீ ஏறு. அதே மேடு. கட்டை இல்லாம."

அப்பா ஏறினார். கார் ஏறியது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கட்டையை இடுப்பிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கால் தானாக ஓரடி முன்னால் போனது. முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "உடுடா, உருண்டுடும்டா" என்று முனகினாள். மேலே இன்ஜின் சத்தம் இறங்கியது. பின்பக்க சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா ஓட்டி மேட்டில் அந்த பிரேக் விளக்கு எரிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கார் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்பா காலை எடுக்கவேயில்லை. இன்ஸ்பெக்டர், "போதும், கொண்டா கீழே" என்று இரண்டு தரம் கத்திய பிறகுதான் வந்தார். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கையெழுத்து விழுந்தது. பாஸ். நான் குதித்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு கண்டிஷன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கட்டையை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. அது கையில இருக்கற வரைக்கும் இந்த ஆளு பிரேக்கை மிதிக்க மாட்டாரு."

"அய்ய, அது எங்க வூட்டுக் கட்டைங்க" என்றாள் அத்தை.

ஆபீஸ் கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கட்டையை வாங்கி அந்தக் கதவுக்குக் கீழே செருகினார். கதவு அடங்கியது. அத்தை குனிந்து கட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெப்போங்க. நீங்களும் வெச்சிடுங்க. உட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினாள்.

ஒடுகத்தூர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மண்டி வாசலில் முதலாளி. கார் மெதுவாகப் போனது.

"இன்னாபா, ஆச்சா?"

"ஆச்சுங்க" என்றார் அப்பா. நிறுத்தவில்லை. முன்பெல்லாம் நிறுத்தி, இறங்கி, நின்று பேசுவார்.

அன்றைக்குச் சந்தை. ஸ்டாண்டில் எங்கள் ஊர் ஜனம் மூட்டையும் கோழியுமாகக் காத்திருந்தது. புதுப் பெயிண்ட்டைப் பார்த்து ஒரே கூச்சல். கதவைத் திறந்து ஏறப்போன ஒரு பெரியவர் அத்தை மடியைப் பார்த்தார். காலடியைப் பார்த்தார்.

"கட்ட எங்க?"

"அங்க புடிச்சி வெச்சிக்கினாங்க" என்றாள் அத்தை.

வைத்த காலை அவர் எடுத்துவிட்டார். "அப்ப நான் நடந்தே வர்றேன்."

"யோவ், எஃப்.சி. ஆயிடுச்சிய்யா. இன்ஸ்பெக்டரே ஓட்டிப் பாத்தாரு. பிரேக்கு புதுசு" என்று கத்தினேன் நான்.

"இன்ஸ்பெக்டரு நம்ம மேட்டுல ஓட்டினாரா?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். சிரிப்பு. ஆனால் ஏறியவர் யாருமில்லை. கோழிகூட ஏறவில்லை. பாஸான கார், புதுப் பிரேக், டாக்சி பர்மிட், எல்லாம் இருந்தது. ஆள் இல்லை. ஆள் ஏறாத காருக்கும் காயலான் கடைதான் ஊர். அப்பா ஸ்டியரிங் மேல் கையை வைத்து, தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டார். வேலூரில்கூட அவர் அப்படி உட்காரவில்லை.

கடைசியில் அத்தைதான் வழி சொன்னாள். சமதரையில் எல்லாரும் ஏறிக்கொள்வது, மேடு வந்தால் இறங்கிக் கார் பின்னாலேயே நடப்பது, ஆளுக்கொரு கல் கையில். கார் பின்னால் உருண்டால் போட வேண்டியது. சம்மதித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் கல் இருந்ததால் முடியவில்லை.

அப்படித்தான் ஏறினோம். முன்னால் காலியாக எஃப்.சி. பாஸான கார். பின்னால், அது விடும் புகையைக் குடித்துக்கொண்டு, கல்லைச் சுமந்தபடி ஒரு சந்தை ஜனம். மூட்டைகள் மட்டும் சொகுசாக உள்ளே. என் கெண்டைக்கால் பழைய கணக்கை நினைவுபடுத்தியது. "இன்னாடா படிச்சவனே, இதுக்குப் பேரு பிசிக்ஸா?" என்று அத்தை கேட்டாள். நான் கல்லைக் கை மாற்றிக்கொண்டேன்.

பெரிய வளைவுக்கு முன்னாலிருக்கிற செங்குத்தில் நாங்கள் பின்தங்கிவிட்டோம். கார் மேலே போய்ப் பாதி ஏற்றத்தில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கல் போட அங்கே யாரும் இல்லை. "உருளப் போவுது, உருளப் போவுது" என்று பெரியவர் ஓட முயன்றார், முடியவில்லை. எல்லாரும் நின்றுவிட்டோம். கார் நின்றது. நாங்கள் மெதுவாக ஏறிப் போய்ச் சேரும்வரை நின்றது. அப்பா ஜன்னலில் கையை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பின் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கட்டை இல்லை, கல் இல்லை, வெறும் மண். நிமிர்ந்து, "காலு வலிக்குது" என்றார், அது ஏதோ இப்போதுதான் நடந்த விஷயம் போல. கல்லைக் கீழே போட்டுவிட்டு ஏறினார். அப்புறம் ஒவ்வொருவராகக் கல்லைப் போட்டுவிட்டு ஏறினார்கள்.  எல்லாரும் களைத்திருந்தோம்.

அத்தை கடைசியாக ஏறினாள், இடது பக்கப் பின்கதவில். அவள் மட்டும் கல்லைக் கீழே போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார். போடச் சொல்லவில்லை. காரை எடுத்தார்.

அந்தக் கல் இப்போதும் வண்டியில்தான் இருக்கிறது. அந்த சீட்டுக்கு இன்னும் டிக்கெட் கிடையாது. அப்பா பிரேக்கை மிதித்துத்தான் நிறுத்துகிறார். நிறுத்திய பிறகு அத்தை இறங்கிக் கல்லைப் போடுகிறாள், ஒரு மரியாதைக்கு. போன ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தாயிற்று. அடுத்த எஃப்.சி. வருகிறது. அதற்குள் அந்தக் கல்லை எப்படியாவது இறக்க வேண்டும். யார் இறக்குவது? பிசிக்ஸ்தான்.